ஐந்து மில்லிகிராமுக்குக் கீழே

போன மாதம் ஓர் இரவு ஒன்பது மணிக்கு மேல் சித்தப்பா மகன் அழைத்தான். ஆறு வாரமாக இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவன். அன்றுதான் வாத நோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். முடக்குவாதம் என்று உறுதியாகிவிட்டது. நோயை அடக்க மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்குமாம். அதுவரை தாக்குப்பிடிக்க இன்னொரு சிறிய மாத்திரை. சீட்டில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான்: பிரெட்னிசோலோன். "அண்ணா, இது ஸ்டீராய்டு என்கிறார்கள். போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில்தான் சொல்லியிருப்பேன். "வேண்டாம்." கூடவே ஒரு சிற்றுரையும் ஆற்றியிருப்பேன். எலும்பு உளுத்துப்போகும், சர்க்கரை ஏறும், முகம் ஊதிப்போகும், நோயைத் தீர்க்காது, மூடி மறைக்கும், இன்ன பிற. அந்த உரையில் பெரிய தகவல் பிழை எதுவும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஆனால் அன்று இரவு நான் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பேசினேன். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டேன். எத்தனை வாரம் என்று கேட்டேன். எப்படிக் குறைப்பது என்று சீட்டில் எழுதியிருக்கிறதா, அடுத்த சந்திப்பு எப்போது என்றெல்லாம் கேட்டேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "இதற்கு நான் டாக்டரிடமே கேட்டிருக்கலாம்" என்றான். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து நிமிடத் தடுமாற்றம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒருமுறை எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பாதி என் அம்மாவின் கதை. மீதி நான் செய்த முட்டாள்தனம்.

சீப்பு

அம்மாவுக்கு அப்போது வயது 68. தோளில்தான் தொடங்கியது. இரண்டு தோள்களிலும் ஒரே சமயத்தில். பிறகு இடுப்பு, தொடை. படுக்கையிலிருந்து எழுவதற்கு முதலில் பக்கவாட்டில் உருண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, அப்புறம் ஒரு பெருமூச்சு. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். மறுநாள் காலை மறுபடி இறுகிவிடும். எனக்கு மறக்காத காட்சி, அவள் தலை வாரியது. கை தோளுக்கு மேல் எழும்பாது. எனவே முழங்கையை மேசையில் ஊன்றி, சீப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து சீப்பிடம் கொண்டுபோவாள். தலை அசையும், சீப்பு அசையாது. உதவிக்குப் போனால் முறைப்பாள்.

வயதுக் கோளாறு என்றார்கள். தோள்பட்டை இறுக்கம் என்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஆறேழு வாரம் கழித்துத்தான் ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் உச்சத்தில் இருந்தன. பாலிமையால்ஜியா ருமாட்டிகா என்று பெயர் சொன்னார். வாயில் நுழையாத அந்தப் பெயரை அம்மா இன்றுவரை "பாலி" என்றே சொல்லிவருகிறாள். ஐம்பது வயதுக்கு மேல்தான் வருமாம். ஏன் வருகிறது என்பது யாருக்கும் சரியாகப் புலப்படவில்லை. மருத்துவர் அம்மாவிடம் வேறு சில கேள்விகளும் கேட்டார். நெற்றிப்பொட்டில் வலி இருக்கிறதா? மெல்லும்போது தாடை வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா? அப்போது எனக்கு அவை சம்பந்தமில்லாத கேள்விகளாகப் பட்டன. இதே நோயின் உடன்பிறப்பான தலை ரத்தநாள அழற்சி வந்து, சிகிச்சை தாமதமானால் கண் பார்வையே போய்விடக்கூடும் என்பதும், அந்த நிலையில் ஸ்டீராய்டைப் பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திராமல் தொடங்கிவிடுவார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

15 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். காலையில் சாப்பிட்டபின் ஒரே வேளை. முதல் மாத்திரையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை போட்டாள். புதன்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அம்மா கண்ணாடி முன் நின்றுகொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். கை தலைக்கு மேலே இருந்தது. என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே பின்னலை அவிழ்த்து இன்னொரு முறை வாரினாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூடவே ஓர் அச்சமும் வந்தது. இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த ஓர் உடம்பை ஒரே நாளில் அவிழ்த்துவிடும் மாத்திரை, இதற்குப் பதிலாக என்ன எடுத்துக்கொள்ளும்?

1948 செப்டம்பர் 21

என் சந்தேகத்துக்குச் சாட்சி தேடி நான் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக். அங்கே பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் 1929இல் ஒரு விநோதத்தைக் கவனித்தார். முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்ததும் மூட்டுவலி குறைந்துவிட்டது. கர்ப்ப காலத்தில் பெண்களுக்கும் இப்படி வலி அடங்குவதை அவர் பார்த்தார். உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இந்த நோயை அடக்குகிறது என்று ஊகித்து, அதற்கு 'பொருள் எக்ஸ்' என்று பெயரிட்டுத் தேட ஆரம்பித்தார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் அட்ரீனல் சுரப்பியின் புறணியிலிருந்து பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துகளால் பெயரிட்டு வைத்திருந்தார். அதில் 'ஈ' என்பதுதான் பின்னாளில் கார்டிசோன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ததேயுஷ் ரைக்ஸ்டைனும் அதே பொருள்களைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சுரப்பியிலிருந்து கிடைப்பது சொற்பம். மாட்டுப் பித்தத்தில் கிடைக்கும் ஓர் அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளில் அதை உருவாக்க மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் வழி கண்ட பிறகுதான் ஒரு நோயாளிக்குப் போடும் அளவாவது கைக்கு வந்தது.

1948 செப்டம்பர் 21 அன்று, முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1949 ஏப்ரலில் செய்தி வெளியே வந்தது. 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல். முதல் ஊசிக்கும் நோபலுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். அம்மா கண்ணாடி முன் நின்ற புதன்கிழமையைப் பார்த்தவனுக்கு அந்த அவசரம் புரியும்.

அந்த நாள்களில் நான் கதையின் இந்தப் பாதியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அடுத்த பாதி. ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் உருண்டது, மனம் பேதலித்தது, சர்க்கரை ஏறியது, எலும்பு நொறுங்கியது. ஹெஞ்சே இதைக் குணமாக்கும் மருந்து என்று கொண்டாடியவர் இல்லை. அவருடைய நோபல் உரையின் தலைப்பு இந்த நோய்களின் 'மீளும் தன்மை' பற்றித்தான் பேசுகிறது. நான் இதையெல்லாம் சேகரித்து வைத்துக்கொண்டு, அம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

ஆதாரங்களும் வீட்டிலேயே கிடைத்தன. அம்மாவுக்கு இரவு மூன்று மணிவரை தூக்கம் வரவில்லை. முகம் உருண்டது. ரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டது. முன்கையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியது. எலும்புக்காக கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்தன. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது என்று மருத்துவரே சொல்லியிருந்தார். என் பயத்துக்கு ஆதாரம் இருந்தது என்பதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம்தான் தவறு.

கத்தி முனையில் மாவு

மருத்துவரின் திட்டம் எளிமையானது. இரண்டு மாதத்துக்குள் 10 மில்லிகிராமுக்கு இறக்குவது. அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைப்பது. இடையில் வலி திரும்பினால் முந்தைய அளவுக்கு ஏறி, கொஞ்ச நாள் இருந்து, மறுபடி இறங்குவது. கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக நடந்தாலே ஓராண்டு ஆகிவிடும். நடக்கவில்லை. 7 மில்லிகிராமில் ஒருமுறை தோள் இறுகியது; ஏறினோம். பதினான்காம் மாதம்தான் 5 மில்லிகிராமைத் தொட்டோம்.

அங்கே என் பொறுமை அறுந்தது. 5 மில்லிகிராம் என்பது மாத்திரைப் பட்டையில் மிளகளவு வெள்ளைப் பொட்டு. இதைப் போய் ஐந்து மாதம் இழுப்பதா? மருத்துவர்கள் எதற்கும் தயங்குகிறவர்கள் என்றும், நோயாளி கேட்காவிட்டால் மாத்திரை ஆயுள் முழுக்க ஓடும் என்றும் எனக்குள் ஒரு தீர்மானம். அம்மாவிடம் பேசினேன். "வலி இல்லை அல்லவா? அப்புறம் எதற்கு இந்த விஷம்?" என்றேன். அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். அம்மா தயங்கினாள். "டாக்டர் மெதுவாக என்றார்." "மெதுவாகத்தானே வந்திருக்கிறோம், பதினான்கு மாதமாக." அவள் என்னை நம்பினாள். அல்லது வாதாட அவளுக்குத் தெம்பில்லை.

காய் நறுக்கும் கத்தியால் மாத்திரையை நடுக்கோட்டில் வைத்து அழுத்துவேன். ஒரு பாதி துள்ளி எங்கேயாவது விழும். கத்தி முனையில் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாவைக்கூட அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்து நான் சிரித்தேன். ஒரு வாரம் பாதி மாத்திரை. அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. மருத்துவரிடம் சொல்லவில்லை. அடுத்த சந்திப்பில் வெற்றிச் செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

முதல் பத்து நாள் ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் பெரிய துரதிர்ஷ்டம். பிறகு அம்மா சோர்ந்தாள். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது என்றாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். மருந்து உடம்பிலிருந்து வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கம் சொன்னேன். யாரும் கேட்காமலே எனக்கு விளக்கங்கள் தோன்றிக்கொண்டிருந்தன. மூன்றாம் வாரக் கடைசியில் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. நாங்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டோம். அம்மா எழவில்லை. இரண்டாம் நாள் மாலை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஆனால் யாரைப் பார்க்கிறோம் என்பது அந்தப் பார்வையில் இல்லை.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் 76க்கு 44. சோடியம் குறைவு. நீர்ச்சத்துக் குறைவு என்று உப்புநீர் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் முடிந்தும் அழுத்தம் ஏறவில்லை. பணியில் இருந்த மருத்துவர் என் வயதில் பாதிகூட இருக்க மாட்டார். நான் அவரிடம் வயிற்றுப்போக்கின் வரலாற்றை விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவின் முன்கையைத் திருப்பி, மங்கிக்கொண்டிருந்த ஊதாத் திட்டுகளைப் பார்த்தார். பிறகு உருண்ட முகத்தைப் பார்த்தார். என் பேச்சை வெட்டி, "இவர் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாரா? கடைசி மாத்திரை எப்போது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லும் முன் ஒரு கணம் பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. செவிலியரிடம் திரும்பி "ஹைட்ரோகார்டிசோன் 100" என்றார். நரம்பில் ஊசி ஏறியது. நான் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றுகொண்டிருந்ததால் நேரம் நினைவில் இருக்கிறது: எட்டு மணி பத்து நிமிடம். பத்தரைக்கு அம்மா தலையைத் திருப்பி, தெளிவான குரலில், "என் மூக்குக் கண்ணாடி எங்கே?" என்றாள்.

விஷம் என்று நான் சொன்ன பொருளின் நெருங்கிய உறவுதான் அந்த ஊசியில் இருந்தது. சொல்லப்போனால் ஹைட்ரோகார்டிசோன் என்பது நம் உடம்பே சுரக்கும் கார்டிசால். மருந்தாக வரும்போது பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

தூங்கிப்போன சுரப்பி

என்ன நடந்தது என்பதை அந்த இளம் மருத்துவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போலக் குந்தியிருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள், ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடை. அவை தாமாக எதையும் தீர்மானிப்பதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல வேண்டும், பிட்யூட்டரி அட்ரீனலுக்குச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் இந்தக் கட்டளைகள் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் மாத்திரையையும் காலையில் போடச் சொல்கிறார்கள். ரத்தத்தில் போதுமான கார்டிசால் இருந்தால் மேலிருந்து கட்டளை வராது. வெளியிலிருந்து வரும் மாத்திரைக்கும் உள்ளிருந்து வரும் சுரப்புக்கும் மூளையால் வேறுபாடு காண முடியாது. மாதக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால் மாதக்கணக்கில் கட்டளை இல்லை. கட்டளை இல்லாத அட்ரீனல் சுருங்கித் தூங்கிவிடுகிறது.

அவர் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு கணக்கு. ஓர் ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்குச் சமமான அளவு, தோராயமாக 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். அதற்கு மேல் இருக்கும்வரை குறைப்பது என்பது உபரியைக் குறைப்பது. அழற்சி திரும்புமா என்பது மட்டுமே கேள்வி. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு மில்லிகிராமையும் அந்தத் தூங்கும் சுரப்பி எழுந்து ஈடுகட்ட வேண்டும். "இனி என்ன, மிளகளவுதானே" என்று நான் அவசரப்பட்ட அதே இடத்தில்தான் உண்மையில் நிதானம் தேவைப்பட்டிருக்கிறது. சாதாரண நாளில் அரைத்தூக்கத்தில் சமாளித்துவிடும் சுரப்பியால், காய்ச்சலோ வாந்தியோ அறுவை சிகிச்சையோ வரும்போது பலமடங்கு சுரக்க முடியாது. அன்று அம்மாவுக்கு நடந்தது அதுதான். எங்களுக்கெல்லாம் வெறும் வயிற்றுப்போக்கு. அவளுக்கு உயிர்ப் போராட்டம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைக்கும்போது உடம்பு வலித்தால் அது மூன்று விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். பழைய நோய் திரும்பியிருக்கலாம். அட்ரீனல் போதாமல் இருக்கலாம். அல்லது பழகிய அளவு குறைந்ததற்கு உடம்பு காட்டும் முரண்டாக இருக்கலாம். மூன்றிலும் சோர்வு, மூன்றிலும் மூட்டுவலி. அடுத்த மாதம் காலை எட்டு மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்த்தார்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 5க்குக் கீழே என்றால் மாத்திரையை விட முடியாது. அம்மாவுக்கு 2.8. நான் ஒரே வாரத்தில் நிறுத்தியே விட்டதாக நினைத்திருந்த மருந்துக்கு அந்த எண்தான் பதில்.

தலைக்காயமும் ஆக்சிஜனும்

அதற்குப் பிறகு நான் படித்த முறை மாறியது. முன்பு தீர்ப்பை வைத்துக்கொண்டு ஆதாரம் தேடினேன். இப்போது, பெரிய ஆய்வுகளில் ஸ்டீராய்டு எங்கே காப்பாற்றியது, எங்கே கொன்றது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஆய்வுகள் மனத்தில் தங்கிவிட்டன.

தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்கும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். ஆகவே தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு. இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று யாராவது கேட்டால் என்னால் காட்ட முடியாது. பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் மருத்துவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 'கிராஷ்' என்ற ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 20,000 பேரைச் சேர்ப்பது திட்டம். 10,008 பேரோடு நிறுத்திவிட்டார்கள். 2004இல் முடிவு வெளியானது. மெத்தில்பிரெட்னிசோலோன் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பொய் மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம். நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட மருந்து நூற்றுக்கு மூவரைக் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கிறது. சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று எல்லோருக்கும் நினைவிருக்கும் காலத்தில் நடந்தது. கொரோனா நுரையீரலைத் தாக்கும்போது ஸ்டீராய்டு கொடுப்பது எரிகிற வீட்டில் காவலரை வெளியே அனுப்புவதற்குச் சமம் என்று பலர் தயங்கினார்கள். பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூன் 16 அன்று முடிவை அறிவித்தது. நாளொன்றுக்கு வெறும் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்களின் விகிதம் 41.4 சதவீதத்திலிருந்து 29.3ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு? பலன் இல்லை. எண்கள் தீங்கின் பக்கமே சாய்ந்தன: மருந்து பெறாதவர்களில் இறந்தவர்கள் 14.0 சதவீதம், பெற்றவர்களில் 17.8. ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. நோயாளி நோயின் எந்தப் படியில் நிற்கிறார் என்பது மட்டும் வேறு. கிருமி பெருகும் நாள்களில் எதிர்ப்பாற்றலை அடக்கினால் கேடு. எதிர்ப்பாற்றலே வெறிபிடித்து நுரையீரலைக் கிழிக்கும் நாள்களில் அடக்கினால் உயிர் மிஞ்சுகிறது. இதைப் படித்த அன்று, "ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா" என்று நான் அதுவரை நடத்திய விவாதங்கள் எல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மருந்து ஒரே நாளில் கண்முன் வேலை செய்துவிட்டால் அதைப் பற்றிய கேள்விகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும் 1955இல் வந்தவை. எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும், எந்த வேகத்தில் இறக்க வேண்டும் என்பவை நீண்ட காலம் ஒவ்வொரு மருத்துவரின் பழக்கத்துக்கும் கைராசிக்கும் விடப்பட்ட கேள்விகளாகவே இருந்தன. நான் தேடியபோது இவற்றைக் கறாராகக் கேட்ட ஆய்வுகளில் முக்கியமானவையாகக் கண்ணில் பட்ட இரண்டும் 2020இல் வெளியானவை. ஒன்று 'செமிரா'. டோசிலிசுமாப் என்ற மருந்தில் கட்டுப்பட்டிருந்த முடக்குவாத நோயாளிகள் 259 பேர். பாதிப் பேருக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோன் அப்படியே தொடர்ந்தது, மீதிப் பேருக்கு 16 வாரத்தில் பூச்சியத்துக்கு இறக்கினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தொடர்ந்தவர்களில் 77 சதவீதம் பேர் நன்றாக இருந்தார்கள். இறக்கியவர்களில் 65 சதவீதம். இதை அவரவர் விருப்பப்படி படிக்கலாம். நான் படிப்பது இப்படி: மெதுவாக இறங்கினால் மூவரில் இருவர் இறங்கிவிடுகிறார்கள், அந்த மூன்றாமவர் யார் என்பது இறங்கிப் பார்க்கும்வரை தெரியாது.

மற்றொன்று 'பெக்சிவாஸ்'. சிறு ரத்தநாளங்களைத் தின்னும் கடுமையான அழற்சி நோய், 704 நோயாளிகள். காலங்காலமாகக் கொடுக்கப்பட்ட அளவில் அறுபது சதவீதத்துக்கும் குறைவாக ஸ்டீராய்டு கொடுத்தும், மரணமோ சிறுநீரகச் செயலிழப்போ கூடவில்லை. முதல் ஆண்டில் கடுமையான தொற்றுகளும் குறைந்தன. அப்படியானால் அதுவரை அந்த உபரியை விழுங்கியவர்கள்? இதை நான் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. கத்தி முனையில் மாத்திரை உடைத்தவனுக்குக் குற்றம் சாட்டும் தகுதி இல்லை.

பார்ப்போம்

அம்மா இப்போது 3 மில்லிகிராமில் இருக்கிறாள். மறுபடி 5இல் தொடங்கி, ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் மாதக்கணக்கில் காத்திருந்து வந்த இடம் இது. நாள்காட்டியில் அடுத்த குறைப்புத் தேதியை அவளே வட்டமிட்டு வைத்திருக்கிறாள். 'இவர் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர், திடீரென நிறுத்தக் கூடாது' என்று அச்சிட்ட அட்டை ஒன்று அவள் பணப்பையில், எல்லா அட்டைகளுக்கும் முன்னால் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. வயதாலா மாத்திரையாலா என்று கேட்டால் மருத்துவர் "இரண்டாலும்தான்" என்கிறார். அந்த அவசரப் பிரிவு இரவைப் பற்றி அவள் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மாத்திரை உடைக்கும் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாள். அதற்கென்று ஒரு சிறு வெட்டும் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். அதில் பாதி துள்ளி ஓடுவதில்லை.

சித்தப்பா மகன் மாத்திரையைத் தொடங்கினான். எட்டு வாரத்தில் படிப்படியாக நிறுத்துவது என்று மருத்துவர் தேதி போட்டே எழுதித் தந்திருக்கிறாராம். நான்காம் நாள் காலை மறுபடி அழைத்தான். குரலே மாறியிருந்தது. பொத்தானைத் தானே போட்டுக்கொண்டானாம், விரல் மடங்குகிறதாம், வீக்கம் போன இடம் தெரியவில்லையாம். "அண்ணா, வலிதான் சுத்தமாகப் போய்விட்டதே. இந்தச் சின்ன மாத்திரையை மட்டும் இன்றோடு விட்டுவிடலாம் அல்லவா?" ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, வாரிக்கொண்டிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நான் பெரியம்மா பேசுகிறேன். உட்கார்ந்திருக்கிறாயா?"